பெருநாளன்று கிளம்பாத கார்

நோர்வேயில் தெருவுக்கு உப்புப் போடுகிறார்கள். பனிக்காலம் வந்துவிட்டால் விடியுமுன்னரே ஒரு பெரிய லொறி வந்து வீதி முழுக்க இறைத்துவிட்டுப் போகும். பனி உருகுவதற்காம். புத்தளத்தில் பிறந்த எனக்கு முதல் வருடம் அதைப் பார்க்க வயிறு எரிந்தது. எங்கள் ஊர் உப்பளங்களில் உச்சி வெயிலில் மனிதர்கள் முதுகு கருக வாரிக் குவிப்பதை இங்கே வாகனச் சக்கரத்துக்குக் கொட்டுகிறார்களே என்று என் நானாவிடம் தொலைபேசியில் புலம்பினேன். நானா என் மூத்த சகோதரர், பாலாவிச் சந்திக்குக் கிட்ட வாகன வயரிங் கடை வைத்திருப்பவர். அவர் நம்பவில்லை. வெளிநாடு போனவர்கள் ஆளுக்கொரு பொய் கொண்டுவருவார்கள், உன் பொய்யில் உப்புக் கொஞ்சம் கூட என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போன நோன்புப் பெருநாள் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊரில் அன்று இன்னும் நோன்பு. மாலையில் பிறை கண்டால்தான் மறுநாள் பெருநாள். நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் முஸ்லிம்கள் என்றால் நானும் என் கணவரும்தான். ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இருக்கிற நகரத்தில், இலங்கைக் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு பாடசாலை மண்டபத்தை எடுத்துத் தொழுகை நடத்துவார்கள். வருடத்தில் அந்த ஒரு காலையில்தான் பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் என்னோடு எங்கள் தமிழில் கதைப்பார்கள். அந்தக் கதைக்காக நான் பதினொரு மாதம் காத்திருக்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை. முதல் நாளே பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் அவித்து, சரிகை போட்ட புது உடுப்பை உடுத்து, விடியலில் வட்டிலப்பப் பாத்திரத்தோடு காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். "டிக்" என்றது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

என் கணவர் கணக்காளர். காருக்குள் பெற்றோல் ஊற்றும் இடம் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது. உதவி வாகனத்துக்கு அழைத்தார். ஞாயிறு என்பதால் பின்னேரம் வருவார்களாம். ஊரிலென்றால் இந்தக் கவலையே இல்லை. கற்பிட்டி வீதியில் ஒருவன் பொனட்டைத் திறந்தால் போதும், போகிற வருகிறவர்களெல்லாம் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலையை உள்ளே விடுவார்கள். ஒருவர் பெட்டரி என்பார், ஒருவர் பியூஸ் என்பார், மூன்றாமவர் எதையாவது கழற்றியே விடுவார். இங்கே பொனட்டைத் திறந்துவிட்டு மாலைவரை நின்றாலும், அது உங்கள் சொந்த விஷயம் என்று தள்ளிப் போவார்கள். வேறு வழியில்லாமல் நானாவை வீடியோவில் அழைத்தேன்.

நானாவின் கடையில், பெருநாளைக்கு முன் தங்கள் வாகனத்தை எடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் உதடு காய்ந்திருந்தது. இந்து மீனவர் ஊரான உடப்பிலிருந்து மீன் வேன் கொண்டு வந்தவர் மட்டும் நோன்பில்லாததால் தெம்பாகக் கதைத்தார். தள்ளி ஸ்டார்ட் பண்ணச் சொன்னவரும் அவர்தான். ஓட்டோ கியர் காரைத் தள்ளிக் கிளப்ப முடியாது என்று நானா அவரை அடக்கிவிட்டு, என் கணவரைக் கைத்தொலைபேசியை நேராகப் பிடிக்கச் சொன்னார். முதலில் விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கு மங்கவில்லை. பிறகு, "ஹோர்ன நல்லா அமத்து புள்ள, சத்தம் கேக்கணும்" என்றார்.

நோர்வேயில் ஞாயிற்றுக்கிழமை காலையில் புல்வெட்டும் இயந்திரத்தைக்கூடத் தொட மாட்டார்கள். நான் ஹோர்னை நல்லாவே அமத்தினேன். எதிர்வீடுகளில் திரைச்சீலைகள் அசைந்தன. பக்கத்து வீட்டு ஒட்வார், ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர், வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார். ஆறு வருடத்தில் நாங்கள் வானிலை தவிர வேறெதுவும் பேசியதில்லை. என் சரிகை உடுப்பை மேலும் கீழும் பார்த்தவர், இன்று உங்கள் பண்டிகை என்று செய்தியில் கேட்டேன், ஹோர்ன் அடிப்பது வழக்கமா என்று மரியாதையாக விசாரித்தார். கார் வயரிங்கை விளக்குமளவுக்கு என் நோர்வேஜியன் போதாது. அதனால் "யா" என்று சொல்லிவைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. "கிராத்துலேரர்" என்று வாழ்த்திவிட்டு நேராகத் தன் காருக்குப் போய் மூன்று முறை நீட்டி அடித்தார்.

அதைக் கேட்டு நானா, ஹோர்ன் யானைபோல் கத்துகிறதே, பெட்டரி புத்தம் புதிது என்று கடையிலிருந்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் ஹோர்ன் இல்லை, அயலவருடையது என்றேன். ஏன் அவர் அடிக்கிறார் என்று கேட்டார். பெருநாளைக்கு என்றேன்.

நானா மறுபடியும் என் ஹோர்னை அடிக்கச் சொன்னார். அதுவும் குறையில்லாமல் ஒலித்தது. விளக்கும் ஹோர்னும் சரி, ஸ்டார்ட்டர் மட்டும் "டிக்" என்பதோடு நின்றுவிடுகிறது என்றால், எஞ்சினைக் காரின் உடம்போடு இணைக்கும் எர்த் வயர் அரித்துப்போயிருக்கிறது என்றார் நானா. கடல் பக்கத்து வேன்களில் அவர் அடிக்கடி காண்கிற நோய் அது. என் கணவர் தொலைபேசியை எஞ்சினுக்கடியில் நீட்டினார். வயரின் நுனி பச்சை பிடித்துப் பொடியாய் உதிர்ந்தது. "இது உப்பு செஞ்ச வேலை" என்ற நானா, "அப்ப நீ சொன்னது உண்மையா?" என்று கேட்டார். பின்னாலிருந்து ஓர் உப்பளக்காரர் எட்டிப் பார்த்து, இந்த நாட்டில் உப்பு என்ன விலை போகிறது என்று விசாரிக்கத் தொடங்கினார்.

ஒட்வாரிடம் பழைய காரின் ஜம்ப் கேபிள் இருந்தது. பெட்டரியின் கறுப்பு முனையில் ஒரு பக்கம், எஞ்சின் இரும்பில் மறுபக்கம் கவ்வவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கார் கிளம்பியது. புத்தளத்தில் ஒரு கடையே "அல்ஹம்துலில்லாஹ்" என்றது. கேபிளை அசையாமல் கட்டி, வீடு திரும்பும்வரை எஞ்சினை அணைக்கவே கூடாது என்று நானா கட்டளை போட்டார்.

ஆனால் நேரம் போய்விட்டது. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாய்களைச் சுருட்டிவிட்டார்கள். ஒரு காவலாளி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். பத்துப் பெண்களில் ஒருத்தியும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளைபோல் அழுதேன். பிறகு வாகனத் தரிப்பிடத்திலேயே பாயை விரித்து நாங்கள் இருவரும் தொழுதோம். நிற்கும் காரின் எஞ்சினை அணைக்கும்படி காவலாளி சைகை காட்டினார், இங்கே அது பெருங்குற்றம். நான் காவலாளியைவிட நானாவுக்குத்தான் கூடப் பயந்தவள், அணைக்கவில்லை.

தொழுது முடிய நானாவே அழைத்தார். எஞ்சின் சத்தத்தைக் காட்டச் சொன்னார். தொழுகை தவறியதைச் சொன்னேன். அவர் திரும்பிக் கடையிலிருந்தவர்களிடம் ஏதோ சொல்ல, கறுத்த கைகளோடு எல்லோரும் வந்து திரைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பெருநாள் வாழ்த்துச் சொன்னார்கள், தங்களுக்கு இன்னும் வராத பெருநாளுக்கு. உடப்பு மீன் வேன்காரரும் சேர்ந்து சொன்னார்.

"வட்டிலப்பத்தத் தின்னு புள்ள. பெருநாளண்டு பட்டினி கிடக்கப்படாது" என்றார் நானா.

மூடியைத் திறந்தேன். கரண்டியை எடுத்தபோது திரையில் அவருடைய காய்ந்த உதடு தெரிந்தது. அத்தனை நோன்பாளிகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியைக் கணவர் கையில் கொடுத்து எஞ்சினைக் காட்டச் சொல்லிவிட்டு, பாத்திரத்தோடு காரின் பின்பக்கம் போய்க் குந்தினேன். எங்கே அவள் என்று நானா கேட்பது காதில் விழுந்தது. சக்கரத்தைப் பார்க்கிறாள் என்றார் என் கணவர். என் சொந்தப் பெருநாளில், நோன்பைக் களவாக விடுகிறவளைப்போல், வாய் நிறைய வட்டிலப்பத்தை வைத்துக்கொண்டு நான் மூச்சுக்காட்டாமல் இருந்தேன்.