தவக்காலத்துக் கேடயக்காரி

என் மனுசனுக்கு இரண்டு குரல். ஒன்று எனக்கு, மற்றது அவளுக்கு.

"கவனம், பின்னால ஒருத்தன் வாறான். நீங்கள் என்ர முதுகுக்குப் பின்னால நில்லுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்." இது அவளுக்கு. "எடியே, அந்தக் கத்தியை எங்கை வைச்சனி?" இது எனக்கு. பேசாலையில் எங்கள் வீட்டு முன் அறையில், ஒரே கதிரையில் இருந்துகொண்டு, ஒரே வாயால் கதைக்கிற கதை இது. கேட்கிற எவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரைப் பற்றி வேறுவிதமாக நினைத்துவிடுவீர்கள். அவள் ஒரு வைத்தியக்காரி. ஆஸ்பத்திரியில் இல்லை, கைபேசிக்குள். அதற்குள் ஒரு கற்பனை இராச்சியம் இருக்கிறது. பனிமலை, பேய்க்காடு, நெருப்புக் கக்கும் பூதம் எல்லாம் உண்டு. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு படை. இவருடைய படையில் ஏழு பேரும் தமிழர்கள், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. என் மனுசன் கேடயக்காரன். முன்னால் நின்று அடி வாங்குவது அவருடைய வேலை. அவள் பின்னால் நின்று அவருடைய காயத்தை ஆற்றுகிறாள்.

காயத்தை ஆற்றுகிறாளாம்! நண்டு கடித்த விரலுக்கு மஞ்சள் அரைத்துக் கட்டுகிறவள் நான். அதற்கு ஒரு நாளும் எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைத்ததில்லை. அவள் இருந்த இடத்தில் இருந்துகொண்டு ஒரு பச்சை வெளிச்சத்தை எறிந்தால், "ஐயோ, பெரிய உதவி, நன்றி, நன்றி" என்று இவருக்கு வாயெல்லாம் பல்லாகும். நான் குசினியில் இருந்து தேங்காயை வேண்டுமென்றே சத்தமாகத் துருவுவேன்.

சரி, மனுசன் விளையாட்டே கதியென்று கிடந்தால் சண்டையாவது பிடிக்கலாம். அதற்கும் வழியில்லை. விடியப்புறம் வள்ளத்தில் போய் நண்டு வலை எடுப்பார், வந்து நண்டு கழற்றுவார், கிழிந்த வலையைப் பொத்துவார், மத்தியானம் ஒரு கண் தூங்குவார். அந்திக்குச் செபமாலை சொல்லி முடிந்தபிறகுதான் கைபேசியைத் தொடுவார். நான் "சோறு போட்டாச்சு" என்று கூப்பிட்டால், "சரி பிள்ளையள், நான் போயிட்டு வாறன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுவார். இடைப்பட்ட ஒரு மணித்தியாலம்தான் அவருடைய இராச்சியம். ஒரு நாளாவது "பொறு, வாறன்" என்று சொல்லியிருந்தால் நான் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். சொல்லவே மாட்டார்.

எங்களோடு இருக்கிற என் மாமியிடம் முறையிட்டுப் பார்த்தேன். அவரைப் பெற்றவவுக்கு அவர் பக்கம்தானே தெரியும்.

"ஏன் பிள்ளை, அவன் குடிக்கிறானோ? காசு வைச்சுக் காட்ஸ் அடிக்கிறானோ? கடலால வந்த மனுசன் கொஞ்ச நேரம் ரெலிபோனை நோண்டினா உனக்கு என்ன வந்தது?"

"அதுக்குள்ள ஒரு பொம்பிளை இருக்கிறாள் மாமி."

"இருந்திட்டுப் போகட்டும். கூழ் குடிக்க இஞ்சையோ வரப்போறாள்?"

எனக்கு வேண்டியது பெரிய விசயம் ஒன்றுமில்லை. அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு வேண்டும். அந்தக் குரலும் வேண்டும். கட்டிய புதிதில் என்னோடும் அவர் அப்படித்தான் கதைத்தவர். பிறகு அது எங்கே போனது என்று தெரியாமல் இருந்தேன். பேய்க்காட்டுக்குள் போயிருக்கிறது என்பதை இந்தக் கண்டறியாத விளையாட்டு வந்தபிறகுதான் கண்டுபிடித்தேன்.

அப்படிப் புழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தவக்காலம் வந்தது.

தவக்காலத்துக்கு எல்லா வீட்டிலும் ஏதாவது ஒன்றை விடுவார்கள். ஒருவர் இறைச்சியை விடுவார், இன்னொருவர் வெற்றிலையை விடுவார். எங்கள் மாமி வீட்டு முறை கொஞ்சம் கடுமையானது. தனக்குரிய ஒறுத்தலைத் தானே சொல்லக்கூடாது. தானே சொன்னால் மனுசர் லேசானதைத்தான் சொல்வார்கள் என்பது மாமியின் எண்ணம். ஆகவே விபூதிப் புதன் அன்று, நெற்றியில் சாம்பலோடு மாதா சுரூபத்துக்கு முன்னால் நிற்கும்போது, ஒருவருக்கு மற்றவர் சொல்ல வேண்டும். சுரூபத்துக்கு முன்னால் சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாது. மாமி எனக்குச் சொல்வா. வருசா வருசம் தேநீருக்குச் சீனியைத்தான் விடச் சொல்வா, பாஸ்காத் திருநாள் வரும்வரை எனக்கு விசர் பிடித்திருக்கும். அவர் மாமிக்குச் சொல்வார். நான் அவருக்குச் சொல்வேன்.

இந்த முறை நான் யோசிக்கவே இல்லை. "உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அந்த விளையாட்டைத் தொடக் கூடாது, கண்ணாலை பார்க்கவும் கூடாது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமியும் பார்த்தா. மெழுகுதிரி பக்கென்று எரிந்தது.

"ஓம்," என்றார். அவ்வளவுதான். கோபித்தால் என்ன, கெஞ்சினால் என்ன? கைபேசியை எடுத்து, படைக்கு ஒரு குரல் செய்தி அனுப்பிவிட்டு, அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். உடனே அவளுடைய பதில் வந்தது. அலுமாரிக்கு மேலே இருந்து அவள் சொல்கிறாள்: "கடவுளுக்குச் சொன்னதெண்டால் சொன்னதுதான், அண்ணை. நாங்கள் சமாளிக்கிறம்." அண்ணையாம். உலகத்தில் எல்லாம் அண்ணை என்றுதான் தொடங்குகிறது.

ஆக, அடுத்த நாள் அந்தியில் நான் ஆசைப்பட்ட மணித்தியாலம் முழுசாக என் கையில் வந்து விழுந்தது. அவர் கதிரையில் இருந்தார். நான் எதிரே இருந்தேன்.

"காத்துத் திரும்புது," என்றார்.

"ஓம்," என்றேன்.

மாமி கொட்டாவி விட்டா. அன்றைக்கு அவ்வளவுதான் கதை. அதற்கடுத்த நாளும் காற்றுத்தான் திரும்பியது. இந்தச் சம்பாசணைக்காகவா நான் மாதாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

சில நாள் போனபிறகு அவராகவே வாயைத் திறந்தார். படையில் ஒரு இடம் கனகாலம் வெறுமையாகக் கிடந்தால் படையையே கலைத்துவிடுவார்களாம், அதுதான் அந்த விளையாட்டின் சட்டமாம். "என்னாலை அந்த ஆறு பேரும் தெருவிலை நிக்கப் போகினம்," என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு, "எனக்குத்தானே ஒறுத்தல். உனக்கு இல்லையே. என்ர இடத்திலை நீ நிப்பியோ?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு விசயம் மின்னலாக ஓடியது. அந்த இடத்தில் நின்றால் அவளைக் கிட்ட இருந்து பார்க்கலாம். "சரி, நிக்கிறன்," என்றேன்.

சிக்கல் என்னவென்றால், எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, அவர் பார்க்கவும் கூடாது. மாமியிடம் தீர்ப்புக் கேட்டோம். மாமி கண்ணை மூடி யோசித்துவிட்டு, "தொடக் கூடாது, பார்க்கக் கூடாது எண்டுதானே சொன்னவள். காதுக்கு ஒண்டும் சொல்லேல்லை," என்றா.

அப்படியாக என் மனுசன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து இருந்து நண்டு வலை பொத்தினார். நான் அவருக்குப் பின்னால் கதிரையில் கைபேசியோடு இருந்தேன். நான் காண்பதைச் சொல்லச் சொல்ல, அவர் என்ன செய்ய வேண்டும் என்று சுவருக்குச் சொன்னார்.

"வலப் பக்கம் பாருங்கோ. ஆரும் வருகினமோ? பயப்பிடாதேங்கோ. கேடயத்தை உயர்த்துங்கோ. ஆ, நல்லது, நல்லாச் செய்யிறியள்."

நான் கேடயத்தை உயர்த்த மறந்து அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரல்! அதே குரல், என் வீட்டில், எனக்கு. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிடமே எரிச்சலும் வந்தது. அவர் அதைச் சொல்வது எனக்கா, கேடயக்காரனுக்கா? சட்டை தைக்கிற, சோறு காய்ச்சுகிற எனக்கு "எடியே." இரும்புத் தொப்பி போட்டால் "நல்லாச் செய்யிறியள்." இப்போது அவளைப் பார்த்து எரிகிறது போதாதென்று, என்னைப் பார்த்தும் நானே எரிந்தேன்.

அவளும் வந்தாள். "அக்கா, பயப்பிடாமல் முன்னுக்குப் போங்கோ, நான் பின்னால நிக்கிறன்." நல்ல குரல், பாவி. ஏதோ கனடாவில் இருக்கிறாள் என்று நினைத்து வைத்திருந்தேன். திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில், எங்கள் தீவைவிட்டுப் பாலம் தாண்டினால் வந்துவிடுகிற ஒரு வயல் ஊரில் இருக்கிறாளாம். அது தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் விளையாட்டு இருக்கிறதே, அதைச் சும்மா சொல்லக்கூடாது. ஒரு கிழமை போகவில்லை, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூலிக்குப் பள்ளிச் சட்டை தைக்கும்போது கழுத்துப் பட்டியை மாறித் தைத்தேன். மனம் பேய்க்காட்டில் நின்றது. செபமாலையில் மங்கள வார்த்தைகளை நான் விழுங்குகிறேன் என்று மாமி பிடித்துவிட்டா. "என்னடி, மாதாவை ஓட்டப்பந்தயத்துக்கோ விட்டிருக்கிறாய்?" சோறு வைக்கிற வேலையும் மெதுவாக அவரிடம் போய்விட்டது. விளையாட்டில் அவருடைய உதவி எனக்கு இனி வேண்டியிருக்கவும் இல்லை. "நீங்கள் போய் அடுப்பைப் பாருங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன், சுவரைப் பார்த்திருந்த மனுசனிடம்.

குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் அந்தி. பூதம் காவல் நிற்கிற ஒரு கோட்டையைப் பிடிக்க ஏழு பேரும் மதிலடியில் நின்றோம். நான் முன்னால், அவள் பின்னால். பூதம் தள்ளாடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் குசினியில் இருந்து அவர் கூப்பிட்டார்: "சோறு போட்டாச்சு!"

"அஞ்சு நிமிசம்!" என்று கத்தினேன்.

அவள் காதில் அது விழுந்துவிட்டது. "என்ன அக்கா, அஞ்சு நிமிசமோ?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். "அண்ணை ஒரு நாளும் அப்பிடிச் சொன்னதில்லையே. ஒருக்கா பூதத்துக்கு ஒரேயொரு அடிதான் மிச்சம். நீங்கள் சோத்துக்குக் கூப்பிட்டனீங்கள். போட்டிட்டுப் போயிட்டார். நாங்கள் ஆறு பேரும் செத்தம். எங்கட படையிலை உங்களைத் திட்டாத ஆளில்லை, அக்கா."

பூதம் இன்னும் விழவில்லை. கை மட்டும் தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு உங்களிலை பொறாமை," என்றாள். "என்ர மனுசன் கட்டாரிலை வேலை. சோறெண்டு கூப்பிட்டால் எழும்பி வர எனக்கு ஆரிருக்கினம்?"

என்மேல் பொறாமையாம். பொறாமை என்னுடைய சொத்து. அதில் அவளுக்குப் பங்கு கொடுக்க மனம் வரவில்லை என்றாலும், மடியில் வந்து விழுந்ததை என்ன செய்வது?

உடனே கேடயத்தைப் போட்டுவிட்டு எழும்பினேன் என்று எழுத ஆசைதான். எழும்பவில்லை. கடைசி அடி வரைக்கும் நின்றேன். கோட்டை எங்களுடையதானது. குசினிக்குப் போனபோது சோறு ஆறிப்போயிருந்தது. மாமி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தா. அவர் தன் சோற்றுக் கோப்பையைத் தொடாமல் எனக்காகக் காத்துக்கொண்டு இருந்தார்.

"சண்டையை வெண்டிட்டியோ?"

"ஓம்."

அவருடைய முகம் அப்படியே மலர்ந்தது. ஆறிய சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். அதுவரை அவளைப் பார்த்து எரிந்தவள், அன்று முதல் அவரைப் பார்த்து எரிந்தேன். அந்த இடத்தில் இருந்து எழும்பி வருவது என்ன பாடு என்று இப்போது எனக்குத் தெரியும். அதை இந்த மனுசன் நாள் தவறாமல் செய்திருக்கிறார், எனக்குத்தான் முடியவில்லை. அதே கைபேசி, அதே பூதம். அவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்தப் பலம்?

உயிர்த்த ஞாயிறு வந்தது. கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கும்போது விரல் விடமாட்டேன் என்றது, உண்மை. அன்று அந்தி செபம் முடிந்ததும் அவர் கதிரையில் போய் இருந்தார். நான் குசினியில் அரிசியைப் போட்டுவிட்டு நின்றேன்.

"நீங்கள் என்ர முதுகுக்குப் பின்னால நில்லுங்கோ," என்றது அந்தக் குரல், முன் அறையில் இருந்து. அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பழைய நெருப்பு அப்படியே ஏறியது. தேங்காயை எடுத்துத் துருவத் தொடங்கினேன். பிறகு அதை வைத்துவிட்டேன். உலையில் அரிசி அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"சோறு போட்டாச்சு!" என்று கூப்பிட்டேன்.

முன் அறையில் சிரிப்பு நின்றது. பிறகு அவள் கத்துவது கேட்டது. "ஐயோ அண்ணை, இன்னும் கொஞ்சம்தான், போகாதேங்கோ!" அதற்குமேல் கதிரை இழுபடுகிற சத்தம். அவர் வந்து குசினி வாசலில் நின்றார்.

"எங்கை சோறு?"

"இன்னும் வேகேல்லை," என்றேன்.

அவர் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முன் அறையில் கைபேசி தன்பாட்டில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"எடி கள்ளி," என்று சொல்லிவிட்டு, பலகையை இழுத்துப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தார். சோறு வேகும் வரைக்கும் எழும்பவில்லை.