ஊத்துக்குளியில் நின்ற பாசஞ்சர்

ஏழாங்கிளாஸ் தாண்டாதவன் நான். ஆனால் பீளமேட்டுப் பக்கம் வந்து என் பட்டறை எதுவென்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். தண்ணி மோட்டாருக்கு வார்ப்பு ஊற்றுகிறேன். நாற்பது பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். அதில் மூன்று பேர் இன்ஜினீயர். எனக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் இந்த வாய். சரக்கு வேண்டாம் என்று சொல்ல வந்த வடநாட்டு வியாபாரியை அரைமணி நேரம் உட்கார வைத்துப் பேசினேன் என்றால், ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்பேர்ப்பட்ட வாய் ஓர் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். ரயிலில் ஈரோட்டுக்குப் போகும்போது ஊத்துக்குளி வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அங்கே எனக்குத் தலை சுற்றும் என்று என் வீட்டுக்காரி நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினோரு வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு பஞ்சாலையின் வாலிபால் டீமில் ஆடினார். மில் டீம் என்றால் பொழுதுபோக்கு இல்லை. பந்து ஆடுவதற்காகவே ஆள் எடுப்பார்கள். பேருக்கு இரண்டு மணி நேரம் மெஷின் பக்கம் நின்றுவிட்டு மைதானத்துக்குப் போய்விடலாம், முழுச் சம்பளம். வெளியூர் ஆட்டத்துக்கு மில் வண்டியெல்லாம் கிடையாது. காலை பாசஞ்சரில் ஏறிப் போய், சாயங்கால பாசஞ்சரில் திரும்ப வேண்டும். முழுப்பரீட்சை லீவில் மாமா என்னையும் கூட்டிப் போவார். நான் போன ஆட்டம் எதிலும் டீம் தோற்றதில்லை. அதை வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த முறை ஈரோட்டில் மில், கம்பெனி டீம்களுக்கான போட்டி. அன்றைக்கு ஃபைனல். பார்த்தால், பந்தை அடிக்கிற ஆள் முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டார். மாமா பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர். தூக்கிக் கொடுத்து என்ன பண்ண, அடிக்க ஆள் வேண்டாமா? ஒருத்தரைக் கூட்டி வந்தார். கோட்டைமேட்டில் தகரப்பெட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்த ஜாபர் அண்ணன். ஆனால் மில்லில் சம்பளம் வாங்குகிறவர்தான் ஆடலாம் என்பது போட்டியின் சட்டம். மில்லில் செல்வராஜ் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார், பந்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். அவர் பேரில் ஜாபர் ஆடுவதாக ஏற்பாடு. அந்தக் காலத்தில் எல்லா டீமும் செய்கிற வேலைதான். மாட்டாத வரைக்கும் யாருக்கும் அது தப்பில்லை.

கோயமுத்தூர் ஸ்டேஷனில் மாமா என் தோளைப் பிடித்துச் சொன்னார்.

"மாப்ளே, திரும்பி ஊடு வந்து சேர்ற வரைக்கும் இவரு செல்வராசு. மறந்தும் வேற பேரு வரக் கூடாது. இன்னைக்கு ஜெயிச்சுப்போட்டா மேனேசரு இவருக்கு இவரு பேருலயே வேலை போட்டுத் தரேன்னு வாக்குக் குடுத்திருக்காரு. தெரியுதா கண்ணு?"

தலையை ஆட்டினேன். தலை ஆட்டுவதில் நான் எப்போதுமே கெட்டிக்காரன்.

ரயில் கிளம்பியதும் கேப்டன் எல்லார் நெற்றியிலும் திருநீறு வைத்துக்கொண்டே வந்தார். ஜாபர் அண்ணனிடம் வந்து, "செல்வராசுன்னா நெத்தி காலியா இருக்கலாங்களா?" என்று கேலியாக விரலை நீட்டினார். "வேண்டாங்க கேப்டன், வேர்வையில கரைஞ்சு கண்ணுல எறங்குச்சுன்னா பந்து ரெண்டாத் தெரியும். ரெண்டையும் அடிக்கறது கஷ்டம்" என்றார் ஜாபர் அண்ணன். பெட்டியே சிரித்தது.

அடிக்கிற ஆளை ஜன்னலோரம் உட்கார விட மாட்டார்கள். காற்றுப்பட்டுத் தோள் பிடித்துக்கொண்டால் ஆட்டம் போச்சு. அதனால் ஜன்னல் எனக்குக் கிடைத்தது. ஜாபர் அண்ணன் வலது தோளைச் சுற்றி ஒரு கட்டம்போட்ட துண்டைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கையைக் காட்டச் சொன்னேன். வருஷக்கணக்காகத் தகரம் தட்டித் தட்டி, செருப்பின் அடிபோலக் காய்த்திருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

திருப்பூரில் இன்னொரு டீம் ஏறியது. பனியன் கம்பெனி டீம். அவர்களோடுதான் ஃபைனல். பாசஞ்சர் வண்டியில் எதிரி என்றால் எங்கே போய் உட்காருவான்? எதிர் சீட்டில்தான். ஒருவருக்கொருவர் "வாங்க, வாங்க" என்று இடம் விட்டுக்கொண்டார்கள். எங்கள் புளிச்சோறு அந்தப் பக்கம் போனது, அவர்கள் சுட்டு வந்த வெல்லக் கச்சாயம் இந்தப் பக்கம் வந்தது.

ஊத்துக்குளியில் எங்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். பின்னால் வருகிற எக்ஸ்பிரஸ் தாண்டிப் போக வேண்டும். எல்லாரும் பிளாட்பாரத்தில் இறங்கினார்கள். பனியன் கம்பெனி ஆட்டக்காரர் ஒருவர், பெரிய மீசை, என்னைக் கூப்பிட்டு மோர் வாங்கிக் கொடுத்தார். நான் எத்தனாவது படிக்கிறேன் என்று கேட்டார். மாமா ஆட்டத்தைப் புகழ்ந்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க மாமன் நல்லாத்தான் தூக்கிக் குடுப்பாரு. அடிக்கறதுக்குத்தான் ஆளில்ல. அந்தச் செல்வராசு, பாவம், மில்லுல நூல் சுத்தற கை. அதுல அடிச்சாக் கொசுகூடச் சாவாது கண்ணு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நூல் சுத்தற கையா? தகரம் தட்டற கைங்க அது! கோட்டைமேட்டுல போயிப் பெட்டி தட்டற ஜாபருன்னு கேட்டுப் பாருங்க, தெரியும்! எங்க மாமாதான் தேடிப் புடிச்சுக் கூட்டியாந்தாரு!"

"அடேங்கப்பா!" என்றார் மீசைக்காரர். "அப்படிப்பட்ட ஆளா!" இன்னொரு டம்ளர் மோர் வாங்கிக் கொடுத்தார். அவர் வாயை அடைத்துவிட்டதாக நினைத்து நான் அதையும் குடித்தேன். பக்கத்துக் குழாயில் யாரோ பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எக்ஸ்பிரஸ் தடதடவென்று போனது.

ஆட்டம் மத்தியானம். முதல் செட் எங்களுக்கு. ஜாபர் அண்ணன் எகிறி அடித்தால் பந்து தரையில் பட்ட சத்தம்தான் கேட்கும், பந்து தெரியாது. இரண்டாவது செட்டில் பதினொன்றுக்கு ஆறு என்று முன்னால் நின்றோம். இன்னும் நாலு புள்ளி எடுத்தால் கோப்பை எங்களுக்கு. அப்போது மீசைக்காரர் நடுவரிடம் போய் மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார். வந்து இறங்கியதுமே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார். ஜெயித்தால் கிழித்துப் போட, தோற்றால் நீட்ட.

ஆட்டத்தை நிறுத்தினார்கள். கமிட்டிப் பெரியவர் ஜாபர் அண்ணனை மேசைக்கு அழைத்தார். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், பத்தடி தூரத்தில் நின்றேன்.

"பேரு என்னங்க தம்பி?"

"செல்வராஜுங்க."

"அப்பா பேரு?"

மாமா பின்னாலிருந்து ஏதோ ஒரு பேரைக் கிசுகிசுத்தார். எனக்கே கேட்டது, ஜாபர் அண்ணனுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. ஏதாவது ஒரு பேர் சொன்னால் போதும், ஆட்டம் நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. பெரியவர் இன்னொரு முறை கேட்டார். ஜாபர் அண்ணன் மில் சட்டையின் நம்பரைக் கையால் மூடிக்கொண்டு, தன் அத்தாவின் பேரை, உள்ளபடியே, தெளிவாகச் சொன்னார்.

கூட்டம் ஊளையிட்டது. கோப்பை அவர்களுக்கு. எங்கள் டீம் ஒரு வருஷம் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சாயங்கால பாசஞ்சரில் ஏறினோம். பெருந்துறை தாண்டியதும் கேப்டன் ஆரம்பித்தார். "நம்மள்ல ஒருத்தன்தான் சொல்லியிருக்கோணும். யாருன்னு இப்பவே தெரியோணும்." மாமா ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது என் காது சுட்டது. கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் சொல்லிவிடுவேன்.

"நாந்தானுங்க" என்றார் ஜாபர் அண்ணன். "ஊத்துக்குளியில தண்ணி புடிக்கறப்ப, பேச்சுவாக்குல வாய விட்டுட்டேன்."

மாமா எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வந்தது நிம்மதி. ஓ, இவரும் சொல்லியிருக்கிறாரா, அப்படியானால் என்னால் இல்லை என்று பதினோரு வயது மூளை கணக்குப் போட்டது. எவ்வளவு சுலபமாகப் போட்டது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. கணக்கு தப்பென்று, அன்று குழாயடியில் நின்று என் பேச்சைக் கேட்டது யாரென்று விளங்கியபோது நான் மீசை வைத்த ஆள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மாமா சாகும் வரைக்கும், "வாயக் காக்கத் தெரியாத பய, அவனாலதான் கெட்டோம்" என்று ஜாபர் அண்ணனைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சில சமயம் தலைகூட ஆட்டியிருக்கிறேன்.

அன்று திரும்பும்போதும் ஜன்னல் சீட்டு எனக்குத்தான். ஊத்துக்குளி வந்தபோது காற்று சில்லென்று அடித்தது. ஜாபர் அண்ணன் வலது தோளில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, என் கழுத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டார். எனக்குக் குளிருகிறது என்றுதான் கொடுக்கிறார் என்று நினைத்தேன். அந்தத் தோளை இனிமேல் காற்றிலிருந்து காப்பாற்ற வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை என்பது தெரியாமல், கதகதப்பாக இருக்கிறதே என்று தூங்கிப்போனேன்.