சேராத ரத்தமும் முருங்கைச் சூப்பும்

என் ஈரலில் பாதிக்கு மேல் இப்போது என் வீட்டுக்காரர் வயிற்றில் இருக்கிறது. அவர் ரத்தம் ஓ பிரிவு, நான் பி. அவருடைய அண்ணனும் அக்காவும் ஓ. தம்பிக்கு உயிரையே கொடுப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அண்ணனுக்கு, உயிர் வேண்டாம் ஈரல் போதும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் சர்க்கரை வந்துவிட்டது. வத்தலக்குண்டில் இருக்கும் அக்காவை, அதாவது என் நாத்தனாரை, அவருடைய மருமகன் விடவில்லை. பிரிவு மாறினாலும் இப்போதெல்லாம் வைக்கலாம், முதலில் அவர் ரத்தத்திலுள்ள எதிர்ப்பைக் குறைத்துக்கொள்வோம் என்றார்கள். நான் போய்ப் படுத்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திண்டுக்கல் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், ஈரலுக்குப் போகும் குழாயில் ரத்தம் சிறிதாக உறைந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பிரிவு மாறி வைத்தால் இந்தத் தொல்லை வரலாமாம். உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து, வாராவாரம் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். கீரை மட்டும் வேண்டாம், மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும் என்றார் டாக்டர்.

நாத்தனார் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சேராத ரத்தம்த்தா. எந்தம்பி உடம்பு ஏத்துக்கல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேருகிற ரத்தம் வத்தலக்குண்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்ததே என்று கேட்க வாயெடுத்துவிட்டு, காபி போடப் போனேன்.

மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பலனில்லை. ரத்தக்கட்டி பெரிதாகிவிட்டது என்று மறுபடி மதுரைக்குக் கூப்பிட்டார்கள். மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். ஈரலையே கொடுத்தவள் மாத்திரையில் ஏமாற்றுவேனா? வேறு ஏதாவது சாப்பிட்டாரா என்று அடுத்துக் கேட்டதும் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததும், நான் இல்லாத நேரத்தில் நாத்தனார் பஸ் ஏறி வந்து வந்து முருங்கைக்கீரைச் சூப்பு கொடுத்திருக்கிறார். அங்கேயே பக்கத்தில் நின்ற நாத்தனார் கொஞ்சமும் அசரவில்லை.

"கீரை எங்க குடுத்தேன்? அரைச்சு, ஆட்டுக்கால் சூப்புல கலந்து, வடிகட்டில்ல குடுத்தேன். அம்புட்டு ரத்தம் போயிருக்கு, ஊற வேணாமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டியை எடுக்கப் பார்க்கிறோம். முடியலைன்னா இந்த ஈரல் போயிடும். வேற ஆள் தேடணும்" என்று சொல்லி, கூடியிருந்த உறவை ஒரு சுற்றுப் பார்த்தார். அண்ணனுக்கு அவசரமாக போன் வந்தது. அக்கா நர்ஸிடம் பாத்ரூம் எங்கே என்று விசாரித்தார்.

ஸ்ட்ரெச்சரில் போகும்போது வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். "அக்கா மனசு நோகுமேன்னுதேன் குடிச்சேன்."

"என் ஈரலு நோகும்னு தோணலையாக்கும்?" என்றேன். அவர் அழுதுவிட்டார்.

கதவு மூடிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது. ஒரு தடவை கொடுத்தவளிடம் மறுபடி எடுக்க மாட்டார்கள். எடுப்பார்கள் என்றால், அவரையும் அவர் அக்காவையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அன்றைக்கே போய்ப் படுத்திருப்பேன்.