கலையரசியின் அளவு ஜாக்கெட்

அளவு ஜாக்கெட்டு இல்லாம எவ வந்து நின்னாலும் நான் துணியைக் கையில வாங்க மாட்டேன். டேப்பு வெச்சி அளந்தா வயித்தை எக்கிக்கினு நிப்பாளுங்க. அப்புறம் "கை ஏற மாட்டேங்குது, கொக்கி மாட்ட முடியல"ன்னு வந்து என்கிட்ட சண்டை. போட்டுப் பழகுன ஜாக்கெட்டு ஒண்ணு குடுத்துட்டுப் போ, அது பொய் சொல்லாதுன்னு சொல்லிடுவேன். திண்டிவனத்துல மரக்காணம் ரோட்டுல இருபத்தாறு வருசமா மிஷின் மிதிக்கிறேன். சவுரியம்மாளுக்கு வாயி பெருசு, ஆனா தையல் சுத்தம்னு சொல்லுவாங்க. ரெண்டும் நெசந்தான்.

கலையரசியைப் பத்தி நானே சொல்லிடறேன். எங்க தெருவுல சொல்ல வுட்டா, 'கொழுப்பெடுத்துப் போயி ஆபரேஷன் பண்ணிக்கினா'ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாளுங்க. அவளுங்களுக்கு இன்னா தெரியும்?

அவ பொறந்தது கிளியனூரு. கட்டிக்கினு வந்தது எங்க தெருவுக்கு, எனக்கு நாலு வூடு தள்ளி. புருசன் புகழேந்தி, மல்லாட்டை மண்டிக்கு வேர்க்கடலை மூட்டை ஏத்துற லோடு வண்டி ஓட்டுறான். இவ பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிற ஆயா. ஒரே பொண்ணு, இளவரசி. அந்தப் பொண்ணு பொறந்ததுக்கு அப்புறம் ஏற ஆரம்பிச்ச உடம்பு நிக்கவே இல்ல. நூத்தி இருபத்து நாலு கிலோ. அவ அளவு ஜாக்கெட்டை என் மேசையில விரிச்சா மேசை தெரியாது. மார்புச் சுத்தளவு அம்பது இன்ச்சு.

"மிச்சத் துணியில நீ ஒண்ணு தெச்சிக்கோக்கா"ன்னு அவளே கிண்டல் பண்ணுவா. மிச்சம் எங்க இருந்து வரும்? நானும் சிரிப்பேன். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க 'குண்டு ஆயா'ன்னு கூப்புட்டா, "குண்டா இருந்தாதான்டா குண்டான் நிறைய சோறு போடுவேன்"னு சொல்லிட்டுப் போயிடுவா. எல்லாம் வெளிய. என் கடைக்குப் பின்னாடி, ஜாக்கெட்டு போட்டுப் பாக்கறதுக்கு ஒரு ஸ்க்ரீன் கட்டி வெச்சிருக்கேன். அதுக்குள்ள போயி நின்னு அழுதுட்டு வருவா. எனக்குத் தெரியும், நான் கண்டுக்க மாட்டேன்.

ஒரு நாளு அழுகை ரொம்ப நேரம் நிக்கல. திரையை வெலக்கி, "இன்னாடி ஆச்சி?"ன்னேன். இளவரசி அப்போ பத்தாவது. பள்ளிக்கூடத்துல பெத்தவங்களை வரச் சொல்லி இருக்காங்க. அந்தப் பொண்ணு, "நீ வராதம்மா, அப்பாவை அனுப்பு"ன்னு சொல்லிடுச்சாம்.

எனக்குப் பொத்துக்கினு வந்துச்சி கோவம். "வாய் மேல ரெண்டு போட்டிருக்க வேணாமா? நீ ஆக்கிப் போட்டதுலதான வளந்துச்சி அது?"

"இன்னாக்கா தப்பு? கண்ணாடியில பாத்தா எனக்கே அப்படித்தான இருக்குது"ன்னா.

பொண்ணு சொன்ன அந்த ஒரு வார்த்தையிலதான் அவ ஆபரேஷனுக்குப் போனா. சுகரு இருந்துச்சி, முட்டி தேஞ்சி போச்சி, டாக்டருங்களும் சொன்னாங்க, எல்லாம் நெசம். ஆனா அவ போனது பொண்ணு பக்கத்துல போயி நிக்கறதுக்கு. வேற எதுக்கும் இல்ல.

குவைத்துல இருக்கிற அவ அண்ணன் ஏற்பாடு பண்ணாரு. மெட்ராசுல பெரிய ஆஸ்பத்திரி. இரைப்பையில முக்காவாசியை எடுத்துட்டு வாழைக்காய் அளவுக்கு வுட்டு வெச்சிருக்காங்கன்னு வந்து சொன்னா. தெருவுல மட்டும் கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லி வெச்சிட்டா. நெசத்தைச் சொன்னா தின்னு கெட்டவன்னு பேரு வெச்சிடுவாங்கன்னு பயம். அண்ணனை வுட்டா புருசன், பொண்ணு, நானு, மூணு பேருக்குத்தான் தெரியும்; தெருவுக்குத் தெரிஞ்சது எல்லாம் முடிஞ்சப்புறம்தான். அதனால வந்த பேஜாரு கொஞ்சமா? கர்ப்பப்பை எடுத்தவ நல்லா சாப்புடணும்னு ஆளாளுக்குக் கறிக் கொழம்பு கொண்டாந்து ஊட்டுவாங்க. ரெண்டு வாயி உள்ள போனதும் பின்னால ஓடிப் போயி வாந்தி எடுப்பா.

முதல்ல கஞ்சித் தண்ணி. அப்புறம் கரைச்ச பருப்பு. அரை இட்லியைக் கால் மணி நேரம் மெல்லுவா. சீப்பு வெச்சி இழுத்தா முடி கொத்தா கையில வரும். இருந்தாலும் அந்தச் சந்தோசத்தை நான் பாத்தேன். மாசம் ஒரு தரம் ஜாக்கெட்டைத் தூக்கிக்கினு ஓடியாருவா. "புடிச்சிக் குடுக்கா, தொளதொளன்னு கிடக்குது." ஒரு இன்ச்சு புடிப்பேன். அடுத்த மாசம் இன்னொரு இன்ச்சு. ஒரு வருசம் தாண்டி முப்பத்தெட்டுல புது அளவு ஜாக்கெட்டு ஒண்ணு தெச்சிக் குடுத்தேன். "பழசைத் தூக்கிப் போட்டுடு, அது மூஞ்சியிலயே நான் முழிக்கக் கூடாது"ன்னா. எனக்கு மனசு வரல. நல்ல துணி. பொட்டியில அடியில போட்டு வெச்சிட்டேன்.

எளைச்சவளை வுடுவாங்களா? "கலைக்கு இன்னா வியாதி, டிபியா, இல்ல அந்த நோயா?"ன்னு மீன் கடைக்காரி என்கிட்டயே கேட்டா. "உன் நாக்குல இருக்கிற வியாதிக்கு முதல்ல மருந்து பாரு"ன்னு சொல்லிட்டு மீனே வாங்காம வந்துட்டேன்.

ஒரு நாளு மத்தியானம், கடையில யாரும் இல்ல. கலை திரைக்குள்ள போயி, "அக்கா, நீ மட்டும் வா"ன்னா. போனேன். பொடவையைத் தூக்கிக் காட்டுனா. வயித்துத் தோலு காலி கோணியாட்டம் மடிஞ்சி தொடை மேல கிடந்துச்சி. கைச் சதையும் அப்படித்தான் தொங்குச்சி. இருபத்தாறு வருசமா பொம்பளைங்க உடம்பைப் பாக்கற எனக்கே அது புதுசு.

"அவரு பாத்தாருக்கா. 'இன்னாடி இது'ன்னு கேட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. ஆறு மாசம் ஆச்சி." அழல அவ. "முன்னாடி குண்டா இருந்தேன், அது என் உடம்பு. இது யாருது?"

டாக்டரு முன்னாடியே சொல்லித்தான் அனுப்பி இருக்காரு. தோலு அப்படித்தான் நிக்கும், எடை ஒரு நிலைக்கு வந்ததும் அதை எடுக்கறதைப் பத்திப் பாக்கலாம், மடிப்பை ஈரம் இல்லாம வெச்சிக்கோங்க, மூணு மாசத்துக்கு ஒரு தரம் வாங்கன்னு. இவ ரெண்டு தரம் போனா. மூணாவது தரம் வயசுப் புள்ள டாக்டரு ஒருத்தரு, பாக்கணும், துணியை வெலக்குங்கம்மான்னாராம். வெக்கப்பட்டு எழுந்து வந்தவ அப்புறம் அந்தப் பக்கமே போகல. இன்னும் கம்மியா தின்னா தோலும் சேந்து எளைச்சிடும்னு அவளா ஒரு முடிவு பண்ணிக்கினா. சத்து மாவு, மாத்திரை எல்லாத்தையும் வுட்டுட்டா. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் கேப்பைக் கூழு. அவ்ளோதான். "செத்துப் போவடி"ன்னு திட்டுனேன். திட்டத்தான் திட்டுனேன், கையைப் புடிச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போகல.

இளவரசி அதுக்குள்ள விழுப்புரத்துல நர்சிங் சேந்து ஹாஸ்டல்ல இருந்துச்சி. நர்சிங் புள்ளைங்களுக்கு விளக்கேத்துற விழான்னு ஒண்ணு வெப்பாங்க. வெள்ளை டிரெஸ் போட்டு, மெழுகுவத்தி புடிச்சிக்கினு, நோயாளியை நல்லபடியா பாத்துக்குவோம்னு உறுதிமொழி எடுக்கறது. பொண்ணு போன் பண்ணி, "அம்மா, நீயும் வாம்மா"ன்னு சொல்லி இருக்குது.

"வா-ன்னு சொல்லிச்சிக்கா. 'நீயும் வா'ன்னு"ன்னு அதையே அன்னிக்குப் பத்து தரம் சொன்னா. விழாவுக்கு ஒரு மாசம் இருந்துச்சி. "அன்னிக்கு மட்டும் இந்தத் தோலு தெரியக் கூடாது. பொண்ணு மானம் போகக் கூடாது. எதுனா பண்ணுக்கா."

எனக்குத் தெரிஞ்சதைத்தான் நான் பண்ண முடியும். காடாத் துணி ரெண்டு மடிப்பு, பக்கவாட்டுல அகல எலாஸ்டிக், முன்னாடி பதினாலு கொக்கி. மாருக்குக் கீழ இருந்து இடுப்புக்குக் கீழ வரைக்கும் ஒரு கட்டு தெச்சேன். மூணு நாளு பிரிச்சிப் பிரிச்சித் தெச்சேன். என் ஆயுசுல அப்படி ஒரு வேலை செஞ்சதில்ல. அதைப் போட்டு மேல பொடவை கட்டிக்கினு கண்ணாடியில பாத்தா பாரு, வாயைப் பொத்திக்கினு சிரிச்சா. எனக்குப் பெருமை தாங்கல.

"அன்னிக்கு மட்டும் போடு"ன்னு சொன்னேன். "சரிக்கா"ன்னா. சொன்னவ அன்னியில இருந்தே ராப்பகலா அதைக் கழட்டல. அடுப்படி வெக்கையிலயும் அதோடதான் நின்னிருக்கா.

பத்து நாளு கழிச்சி கொண்டாந்தா. "இன்னும் ஒரு இன்ச்சு புடிச்சிக் குடு." துணியைத் திருப்புனேன். உள்பக்கம் மஞ்சளா, திட்டுத் திட்டா கறை. ஒரு வாடை.

"இன்னாடி இது?"

"வேர்வைக்கா. அடுப்பு கிட்ட நிக்கறேன் இல்ல?"

வேர்வைக் கறை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எத்தினி பேரு ஜாக்கெட்டைப் பிரிச்சிருக்கேன்! அது வேர்வை இல்லன்னு எனக்குத் தெரியும். நல்லா தெரியும். ஆனா அவ கண்ணுல இருந்த கெஞ்சலைப் பாத்தேன், என் வேலை நல்லா அமைஞ்சிருந்ததையும் பாத்தேன். சுடுதண்ணியில அலசி, காய வெச்சி, ஒரு இன்ச்சு புடிச்சிக் குடுத்துட்டேன். அந்த ஒரு இன்ச்சை நான் எங்க கொண்டு போயி வெப்பேன், சொல்லுங்க?

விழா அன்னிக்குப் புகழேந்திக்கு லோடு இருக்குன்னுட்டான். நான்தான் கூடப் போனேன். பஸ்ல சீட்டு காலியா இருந்தும் விழுப்புரம் வரைக்கும் நின்னுக்கினே வந்தா. கையைத் தொட்டேன், கொதிச்சிது. "காய்ச்சல் அடிக்குதுடி, எறங்கி டாக்டரைப் பாத்துட்டுப் போலாம்"னேன். "வெயிலுக்கா. ஜல்தி போலாம், முன்னாடி சீட்டு போயிடும்"னா.

மண்டபத்துல அறுவது பொண்ணுங்க, எல்லாம் வெள்ளையில. இளவரசி மூணாவது வரிசை. அம்மாவைப் பாத்ததும் பக்கத்துல நின்ன பொண்ணை இடிச்சி, எங்களைக் காட்டி ஏதோ சொல்லிச்சி. சத்தம் கேக்கல. வாயசைவு தெரிஞ்சிது. 'எங்க அம்மா'ன்னு. கலை என் கையை அப்படி இறுக்கிப் புடிச்சா.

உறுதிமொழி முடிஞ்சி போட்டோ எடுக்கக் கூப்பிட்டாங்க. போயி பொண்ணு பக்கத்துல நேரா நிமிந்து நின்னா. போட்டோ எடுத்தாச்சி. பொண்ணு கிட்ட "நன்றிம்மா"ன்னு சொல்லிட்டு ஒரு எட்டு வெச்சா, அப்படியே சரிஞ்சிட்டா.

நான் ஓடிப் போயி கொக்கியைக் கழட்டப் பாத்தேன். வயிறு வீங்கி, கட்டு இறுகிக் கிடந்துச்சி, கொக்கி ஒண்ணு கூட வரல. பர்சுல எப்பவும் நூலு வெட்டுற கத்திரி வெச்சிருப்பேன். என் தையலை நானே வெட்டுனேன். வெட்டுனதும் வந்துச்சி ஒரு நாத்தம், முன்னாடி நின்னவங்க எல்லாம் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கினாங்க. வெள்ளை டிரெஸ் பொண்ணுங்க பின்னால போச்சுங்க. இளவரசியும் ஒரு எட்டு பின்னால போச்சி. நான் பாத்தேன்.

அப்புறம் மெழுகுவத்தியைப் பக்கத்துல இருந்தவ கையில குடுத்துட்டு வந்து மண்டி போட்டுச்சி. அந்த மடிப்பைக் கையாலயே தூக்கிப் பாத்துச்சி. தோலு கறுத்து, அழுகி, சீழு கட்டி இருந்துச்சி.

"எத்தினி நாளாம்மா இப்படி? ஏம்மா எனக்குச் சொல்லல?"

கலைக்குப் பாதி நினைவுதான் இருந்துச்சி. கையால பொடவையைத் தேடுனா. "மூடு பாப்பா... மூடு. எல்லாரும் பாக்கறாங்க."

அவ பேசுனதுல கடைசியா வெளங்கினது அதுதான். ஆஸ்பத்திரியில பதினோரு நாளு இருந்தா. அழுகுனதை வெட்டி எடுத்தாங்க, ரத்தம் ஏத்துனாங்க, ஒரு குறையும் வெக்கல. விஷம் ரத்தத்துல கலந்துடுச்சி, எதிர்த்து நிக்க உடம்புல சத்தே இல்லைன்னாங்க. பன்னெண்டாவது நாளு காலையில போயிட்டா.

இளவரசி நேரா என் கடைக்குத்தான் வந்துச்சி. கையில கலையோட கல்யாணப் பொடவை. அளவு ஜாக்கெட்டு எதுவும் கொண்டாரல.

"பெரிம்மா, அம்மாவுக்கு ஒரு ஜாக்கெட்டு வேணும். எங்கயும் அழுத்தக் கூடாது." அதைச் சொல்லிட்டு நின்னுச்சி. திட்டல. திட்டி இருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறி இருக்கும்.

பொட்டியைத் தொறந்து அடியில இருந்த பழைய அளவு ஜாக்கெட்டை எடுத்து மேசையில விரிச்சேன். மேசை தெரியல. அந்தப் பொண்ணு அதைத் தடவித் தடவிப் பாத்துச்சி, அப்புறம் அதுலயே மூஞ்சியை வெச்சிக்கினு கதறிச்சி.

செத்தவங்களுக்கு ஜாக்கெட்டு போடறப்போ முதுகுப் பக்கம் வெட்டித்தான் மாட்டணும். கலைக்கு அந்தப் பழசையே போட்டோம், எதையும் வெட்ட வேண்டி வரல. அவ்ளோ தாராளமா இருந்துச்சி. சவப்பொட்டியில படுக்க வெச்சி, மாதா கோயிலு சாமியாரு வர்றதுக்குக் காத்துக்கினு இருந்தோம். தெருப் பொம்பளைங்க வந்து பாத்தாளுங்க. அந்த மீன் கடைக்காரி குனிஞ்சி பாத்துட்டு, "ஏன் சவுரி, இவ்ளோ தொளதொளன்னா போட்டு அனுப்புவ? கொஞ்சம் புடிச்சித் தெச்சிருக்கக் கூடாதா?"ன்னு கேட்டா.

யாரையும் சும்மா வுடாத வாயி எனக்கு. அன்னிக்குக் குனிஞ்சி அந்த ஜாக்கெட்டு ஓரத்தை நீவி வுட்டுக்கினு இருந்தேன்.

இளவரசிதான் பதில் சொல்லிச்சி. "எங்க அம்மா அளவு அதாங்க." சொல்லிட்டு, அந்தப் பொம்பளை இழுத்து மூட வந்த அம்மா முந்தானையைக் கையில வாங்கி, ஜாக்கெட்டை மூட வுடாம ஓரமா வெச்சிச்சி.