உங்கள் அம்மாவின் பிறந்தநாளும் என் அப்பாவின் படையலும்

மூத்தவளுக்கும் சின்னவனுக்கும், இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம். நான் பத்தாவது தாண்டாதவன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் தனியார் பஸ் ஓட்டுகிறவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தவரை உங்கள் அம்மாவை "ஏ", "இந்தா" என்றுதான் கூப்பிட்டேன். "அவர்" என்று இப்போதுதான் எழுதுகிறேன்.

உங்கள் அம்மா கிளியனூரில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைத்த வீட்டில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தார். பத்தாவது படித்தார். கல்யாணமாகித் திண்டிவனம் வந்தபோது கூடவே ஒரு தையல் மெஷினும் வந்தது. அதில் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துத்தான் மூத்தவளை நர்சிங் படிக்க வைத்தார். சின்னவனுக்கு ஐடிஐ சேர அலைந்ததும் அவர்தான். நான் வண்டியில் இருந்தேன்.

கல்யாணமான பிறகு வந்த முதல் பிறந்தநாளுக்கு, விழுப்புரத்தில் அரைக்கிலோ ஜாங்கிரியும் நாலு முழம் மல்லிகையும் வாங்கி, ஸ்டியரிங் பக்கத்தில் வைத்து ஓட்டிவந்தேன். வண்டி முழுக்க வாசம். கண்டக்டர் வழியெல்லாம் கேலி செய்துகொண்டு வந்தார். உங்கள் அம்மா ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "எங்கூட்ல எம் பொறந்தநாள யாரும் ஞாபகம் வெச்சதே இல்ல" என்றார். அடுத்த வருடமும் வாங்கினேன். அந்த இரண்டு வருடம்தான்.

மூன்றாம் வருடம், மூத்தவள் கைக்குழந்தை. உங்கள் அம்மாவின் பிறந்தநாளன்று காலையில் என் அப்பா இறந்துபோனார். அதற்கடுத்த வருடத்திலிருந்து அந்தத் தேதி நம் வீட்டில் படையல் நாளாகிவிட்டது. நம் பக்கத்தில் திதி பார்த்துத்தான் படையல் போடுவார்கள். நான் தேதியில் போட்டேன். எனக்கு டூட்டி தேதிப்படி. தேதி என்றால் லீவு சொல்ல வசதி. இருபது வருடத்துக்கு மேல் அந்த வசதியில்தான் ஓடியது.

அன்றைக்கு உங்கள் அம்மா விடியலில் தலை குளித்து, வடை, பாயசம் என்று அத்தனையும் செய்வார். ருசி பார்க்கக் கூடாது. இலையில் படைத்து, மாடியில் காக்கைக்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் அவரும் வீட்டில் மற்றவர்களும் சாப்பிடலாம். காக்கை சில வருடம் சீக்கிரம் வரும். சில வருடம் இரண்டு மணி ஆகும். அவருக்குச் சுகர் வந்த பிறகும் இதில் மாற்றமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தது எனக்கும் தெரியும். ஒரு வருடம் மாடிப்படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். நான் கீழேயிருந்து, "காக்கா எடுத்துச்சா இல்லியா?" என்று கேட்டேன்.

மூத்தவள் ஒன்பதாவது படித்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் இருவரும் காசு சேர்த்து அம்மாவுக்குக் கேக் வாங்கிவந்தீர்கள். நான் வாசலிலேயே மறித்தேன்.

"படையல் அன்னிக்கு முட்ட போட்ட கேக்கா? ஊட்டுக்குள்ள எடுத்துனு வராத."

உங்கள் அம்மா, "புள்ளைங்க ஆசையா வாங்கினு வந்துதுங்க. உடுங்களேன்" என்றார். நான் விடவில்லை. சின்னவன் அழுதுகொண்டே எதிர்வீட்டில் வைத்துவிட்டு வந்தான். மறுநாள் நான் வண்டிக்குப் போன பிறகு, உங்கள் அம்மா எதிர்வீட்டுக்குப் போய், அந்த வீட்டுத் தின்பண்டம் மாதிரி அங்கேயே உட்கார்ந்து ஒரு துண்டு சாப்பிட்டாராம். கேக் காய்ந்துபோயிருந்ததாம். அந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து ஊக்கும் நூலும் போட்டு வைத்தார். கடைசியில் ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் அதில்தான் இருந்தது.

பிறகு கிட்னி போய்விட்டது. இரண்டு வருடம், வாரம் இரண்டு நாள், விழுப்புரத்துக்கு டயாலிசிஸ். என் வண்டியிலேயே, என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வருவார். கடைசி மாதத்தில் ஒருநாள் விக்கிரவாண்டி தாண்டும்போது, "இந்த வாட்டி படையலுக்கு என்னால நிக்க முடியாது போலக்குது. ஒங்கக்காவ வரச் சொல்லிடுங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். அது எந்தத் தேதி என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்தத் தேதி வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

தீட்டு என்பதால் அந்த வருடம் அப்பாவுக்குப் படையல் இல்லை. அத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த நாள் உங்கள் அம்மாவுக்கு மட்டும் மிச்சமாயிருந்தது. அன்று நான் டூட்டிக்குப் போய்விட்டேன்.

போன மாதம் உங்கள் அம்மாவின் வருஷத் திதிக்கு நாள் குறிக்கப் பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் போனோம். என் அக்காவும் வந்திருந்தார். உங்கள் அம்மா இறந்த தேதியை நான் சொன்னேன். பஞ்சாங்கக்காரர், திதிதான் கணக்கு என்றும், அது வருடா வருடம் முன்னே பின்னே நகரும் என்றும் சொன்னார். அப்படியானால் அப்பாவின் படையலும் நகர்ந்திருக்குமே என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அத மொத வருசமே அவ சொன்னாளே தம்பி. திதி பாத்துப் போட்டா ஆவாதான்னு கேட்டா. எங்கப்பன் செத்த நாளு பெருசா, உம் பொறந்தநாளு பெருசான்னு நீதான கேட்ட? நான் அடுப்பாண்ட நின்னுக்கினு இருந்தேன். அதுக்கப்புறம் அவ வாயத் தொறக்கல."

சத்தியமாக எனக்கு அது நினைவில்லை. உங்கள் அம்மாவுக்கு இருந்திருக்கும்.

உங்கள் அம்மாவின் நோயில் உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நேரம் பார்க்காமல் வந்த ஆட்டோக்காரத் தம்பி, கேக்கையும் பிறகு கஞ்சியையும் தன் வீட்டில் வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அக்கா, ஊசி போட்ட பெண்கள், எல்லாரையும் கும்பிடுகிறேன். எனக்காக டூட்டி மாற்றிக்கொண்ட டிரைவர் நண்பர்களுக்கும் நன்றி. திதி என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எந்த நாளிலும் மாற்றிக் கொடுத்திருப்போம் என்று இப்போது சொல்கிறார்கள். படையலுக்காக நான் அவர்களைக் கேட்டதே இல்லை.

பிள்ளைகளே, நான் எந்த நாளில் போனாலும் எனக்குத் திதி பார்த்தே படையல் போடுங்கள். அந்தத் திதி வீட்டில் யாருடைய பிறந்தநாளிலாவது வந்து விழுந்தால், அந்த வருடம் எனக்கு ஒன்றும் வேண்டாம். சின்னவனே, நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள். அவள் பிறந்த தேதியை முதலில் கேட்டு வைத்துக்கொள். அன்றைக்கு அவள் காலையிலேயே சாப்பிட்டுவிடட்டும்.