முன்கூட்டியே போட்ட மொட்டை

சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு, திருப்பதியில் தோழி நடத்தும் கன்சல்டன்சிக்குப் போகலாமா என்று ஒரே யோசனை. ஆள் கேட்கும் இடத்துக்கு ஆளும், வேலை கேட்பவர்களுக்கு வேலையும் பிடித்துக் கொடுக்கிற தொழில். "மொதல்ல ஒரே ஒருத்தர சேத்து வுட்டுப் பாரு, அப்பறம் முடிவு பண்ணு" என்றாள் அவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது இந்தத் தொழிலுக்கு ஆகுமா என்பதுதான் பயம்.

கிடைத்தவள் வெதுருகுப்பத்துப் பெண். கூலி வேலை செய்கிற வீட்டில் முதல் டிகிரி. திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனுக்கு ஆள் தேவைப்பட்டது. போனில் பேசியதிலேயே மேனேஜருக்குத் திருப்தி. நேரில் ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார். "உனக்குக் கெடைச்சாதான் எனக்கும் இந்த வேல" என்று அவளிடம் நான் வேறு உளறி வைத்திருந்தேன்.

வரச் சொன்ன அன்று காலை லாட்ஜ் வாசலில் தலையைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு நின்றாள். சந்தேகப்பட்டு விலக்கினேன். மொட்டை. சந்தனம்கூடக் காயவில்லை.

"இன்னாடி இது? வேல கெடைச்சப்பறம் போடறதுக்கு இன்னா?"

"சேந்த ஒடனே லீவு குடுப்பாங்களாக்கா? அதான் வேண்டுதல மொதல்லயே முடிச்சிக்கினு வந்துட்டேன்."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு என்றும் தெரியவில்லை.

மேனேஜர் முகத்தைச் சுளித்தார். "முடி வளரட்டும், பார்க்கலாம்" என்றார் தெலுங்கில். அவள் தலை குனிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்க சார்" என்றேன் நானும் தெலுங்கிலேயே. மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம் ஒன்று சாவிக்காக நின்றிருந்தது. அப்பா, அம்மா, குழந்தை, எல்லாரும் மொட்டை. "சாவி வாங்கறவங்க மொட்டையா இருக்கலாம், குடுக்கறவ இருக்கக் கூடாதா?"

அதற்குள் அந்த அம்மாள் இவளைப் பார்த்துச் சிரித்து, தரிசனம் நன்றாக ஆனதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். இவளும் குழந்தையை வாங்கிக்கொண்டு பேச்சில் இறங்கிவிட்டாள். மேனேஜர் சற்று நேரம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.

எதிர்க் கடையில் தோசை வாங்கிக் கொடுத்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. அவள் தின்றுகொண்டே கேட்டாள்: "நீங்க இந்த வேலைலயே இருப்பீங்க இல்லக்கா?"

"ஏன்?"

"உங்களுக்கும் சேத்துதான் வேண்டிக்கினேன்."

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் எனக்காக ஒருத்தி முன்கூட்டியே மொட்டை போட்டுவிட்ட பிறகு, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கை கழுவியதும் தோழிக்குப் போன் போட்டேன்.