வலது கை வளையல்

வில்லியனூர்த் தேரடியில் நான் வளையல் கடை வைத்திருந்தபோது, கரும்பு போடும் குடும்பத்து அம்மா ஒருத்தர் மகளைக் கூட்டிவந்தார். பெண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், ஒட்ட வெட்டிய நகம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வலது கை ஒரு பழைய பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தது.

“நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்கண்ணே. ரெண்டு கைக்கும் ஒரே அளவா போடுங்க” என்றார் அம்மா.

பிடித்துப் பார்த்தேன். இடது கை அளவு வலது கையில் ஏறாது. அது ஆம்பளைக் கைபோலத் தடித்திருந்தது.

“இன்னா பாப்பா, இந்தக் கை மட்டும் இப்பிடி?”

“டென்னிஸ் ஆடுறேன் மாமா. இப்பத்தான் காசு குடுத்து ஆடக் கூப்புடுறாங்க. அடுத்த ஆட்டம் மெட்ராஸ்ல.”

“அதெல்லாம் வரவங்களுக்குத் தெரிய வேணாம். சின்னதையே போடுங்கண்ணே.”

சோப்பு தடவி, விரல் முட்டிகளை நெருக்கி ஏற்றினேன். மூன்று வளையல் உடைந்து ரத்தம் வந்தது. அவள் கையை இழுக்கவே இல்லை. எல்லாம் ஏறிய பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“இத எப்பிடி மாமா கழட்றது?”

“ஒடச்சாத்தான் பாப்பா.”

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அம்மா என்னை முறைத்தார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், கடைக்கு எதிரே பஸ்ஸுக்குத் தனியாக நின்றாள். தோளில் மர மட்டை. இடது கை நிறைய என் வளையல்கள். வலது கையில் ஒன்றுகூட இல்லை, கீறல்கள்தான்.

பெண் பார்க்க அவர்கள் வருவதற்கு முன்பே உடைத்தாளா, போன பிறகா? அந்தக் கையை நெருக்கியவன் நான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?